துண்டு போட்டு வைத்த இடம்

எனக்கு ஒரு தம்பி இருக்கிறான் என்று இங்கே அமெரிக்காவில் யாரிடம் சொன்னாலும் அடுத்து ஒரே கேள்விதான் வருகிறது. "ஆர் யூ க்ளோஸ்?" நீங்கள் இருவரும் நெருக்கமா என்று கேட்கிறார்கள். எங்கள் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் எல்லாருக்கும் பொதுவான ஒரு துணி துவைக்கும் அறை உண்டு. அங்கே இயந்திரம் நிற்பதற்காகக் காத்திருந்தபோது டெப்ரா என்ற பக்கத்து வீட்டுப் பெண்மணிதான் முதன்முதலில் இதைக் கேட்டார். போர்வையை மடித்துக்கொண்டே, இன்றைக்குப் பனி பெய்யுமா என்று விசாரிக்கிற தொனியில் கேட்டார். தம்பி என்றால் தம்பி. அதில் நெருக்கம் என்ன, தூரம் என்ன? நான் விழித்ததைப் பார்த்து அவரே தன் கதையைச் சொன்னார். அடுத்த ஊரில் அவருக்கு ஓர் அண்ணன் இருக்கிறார். சண்டை சச்சரவு எதுவும் இல்லை. கிறிஸ்துமஸ் வந்தால் வாழ்த்து அட்டை அனுப்பிக்கொள்வார்கள், அவ்வளவுதான். 'வீ ஆர் நாட் தட் க்ளோஸ்' என்று சிரித்தார். துணிக்கூடையோடு படியேறி வரும்போது, ஐயோ பாவம் இந்த ஊர்க்காரர்கள் என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைத்ததை இப்போது எண்ணினால் முகம் சுடுகிறது.

நான் இங்கே முனைவர் பட்டத்துக்குப் படிப்பது மனித வளர்ச்சியும் குடும்பவியலும். ஊரில் இதைச் சொல்லிப் புரியவைப்பதற்குள் போதும் போதுமென்றாகிவிடும். கிளம்புவதற்கு முன் பெரியப்பாவிடம் சொல்லிக்கொள்ளப் போனபோது அவர் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, "குடும்பம்னா என்னன்னு தெரியாதவங்க ஊருக்குப் போயி குடும்பத்தப் பத்திப் படிக்கறியா சாமி? நல்லாருக்குது போ" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான் சிரித்தேன். என் ஆய்வு உடன்பிறந்தவர்களைப் பற்றியது. இருவரில் ஒருவர் வெளிநாடு போய்விட, ஒருவர் பெற்றோரோடு ஊரிலேயே தங்கிவிடுகிறார்கள் அல்லவா, அந்தத் தங்கிவிட்டவர்களிடம் பேசுவதுதான் என் வேலை. நாமக்கல், பள்ளிபாளையம், மேட்டூர் என்று எங்கள் பக்கத்து ஆட்களைத் தொலைபேசியில் பிடித்துக் கேள்வி கேட்பேன். அந்தக் கேள்விகளில் ஒன்று, உங்கள் உடன்பிறந்தவரோடு உங்களுக்கு உள்ள நெருக்கம் ஒன்றிலிருந்து ஐந்துக்குள் எவ்வளவு என்பது. பள்ளிபாளையத்தில் தறி ஓட்டும் ஒருவர் யோசிக்கவே இல்லை. "அஞ்சு போட்டுக்கங்க. பொறந்தவன் இல்லீங்களா" என்றார். அவரே சற்றுக் கழித்து, "ஆனா பேச்சு வார்த்தை கெடையாதுங்க. போன பொங்கலுக்கு முந்துன பொங்கல்ல இருந்தே இல்ல" என்றார். தறிச் சத்தத்துக்கு நடுவில் நான் அவருக்கு ஐந்தையே குறித்துக்கொண்டேன்.

இந்த ஆட்களையெல்லாம் பிடித்துக் கொடுத்தவன் என் தம்பி பிரபு. திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் எங்கள் தோட்டத்தில் முட்டைக்கோழிப் பண்ணை வைத்திருக்கிறான். தீவனக் கடையில், பால் ஊற்றுகிற இடத்தில், லாரிப் பட்டறையில் யார் எதிர்ப்பட்டாலும், "உங்கூட்ல யாராச்சும் வெளிநாட்ல இருக்கறாங்களா? எங்கக்கா பேசோணும்ங்குது" என்று கேட்டு எண்ணை வாங்கி அனுப்பிவிடுவான். இங்கேயும் கண்ணுக்கு எட்டிய மட்டும் மக்காச்சோளக் காடுதான். அவன் கோழிக்குப் போடுவதும் மக்காச்சோளம்தான். அதனால் என்னைப் பற்றி விசாரித்து முடித்தவுடன், "அங்க சோளம் என்ன வெலை போகுது?" என்று தவறாமல் கேட்பான். எனக்கு ஒருநாளும் தெரிந்ததில்லை. ஒருமுறை, "ஊர்ல இருக்கறவனையெல்லாம் கேக்கற, எங்கிட்ட ஒண்ணும் கேக்க மாட்டியாக்கா?" என்றான். ஆய்வு செய்கிறவர் சொந்தக் குடும்பத்தாரிடம் கேள்வி கேட்கக் கூடாது, பல்கலைக்கழகத்தின் விதி அது என்று விளக்கினேன். "அப்ப நல்லதாப் போச்சு" என்று சிரித்தான். எனக்கும் அது நல்லதாகத்தான் போயிருந்தது. மற்ற தம்பிகளிடம் நான் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. போனது அவர்கள், இருந்தது நீங்கள், இது நியாயமாகப் படுகிறதா என்பது அது. அதைப் பிரபுவிடம் கேட்காமல் இருக்க எனக்கு ஒரு விதியே துணை இருந்தது.

நாங்கள் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே அம்மா தவறிவிட்டார். அப்பாவும் நாங்கள் இருவரும்தான். பிரபு ஓசூரில் ஒரு கம்பெனியில் நல்ல வேலையில் இருந்தான். எனக்கு இந்தப் படிப்புக்கு இடம் கிடைத்த சமயத்தில் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. அப்போது யாரும் யாரையும் உட்காரவைத்துப் பேசவில்லை. யார் இருப்பது, யார் போவது என்ற கேள்வியே எழவில்லை. அவன் ஓசூரிலிருந்து பெட்டியோடு வந்து இறங்கினான். நான் பெட்டியோடு கிளம்பினேன். விமான நிலையத்துக்குப் போகும் காரில் என் பெட்டியைத் தூக்கி வைத்தவனும் அவனே. அங்கே குளிரும் என்று சொல்லித் தன் ஸ்வெட்டரையும் அதில் திணித்துவிட்டான். இங்கத்திய குளிருக்கு அந்த ஸ்வெட்டர் கைக்குட்டைக்குச் சமம். ஆனாலும் வைத்திருக்கிறேன்.

அவன் ஊரோடு இருந்ததற்கு ஊர் கொடுத்த பரிசு, பெண் கிடைக்காமல் போனதுதான். எங்கள் பக்கத்து விவரம் தெரிந்தவர்களுக்கு இதில் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. தோட்டம் இருக்கிறது, பண்ணை இருக்கிறது, நல்ல பையன், எல்லாம் சரி, மாப்பிள்ளை ஐடியில் இல்லையா என்பார்கள். ஜாதகம் பொருந்திய இடத்திலெல்லாம் பெண் மாட்டேனென்றது. ஒவ்வொரு முறையும் அவனே என்னைக் கூப்பிட்டு, "இதும் போச்சுக்கா" என்று பரீட்சை முடிவு சொல்கிற மாதிரி சொல்வான். இதில் நான் வாய் திறக்க வழியில்லை. எனக்கு மாப்பிள்ளை பார்த்த காலத்தில், பண்ணையம் பார்க்கிறவர் வேண்டாம் என்று சொல்லித்தானே நானும் படிக்கப் போனேன்? பெரியப்பா மகள் பூங்கொடியக்கா ஒருமுறை விளையாட்டாகவே சொன்னார்: "உன்னாட்டமே எல்லாப் புள்ளைகளும் சொன்னா, நம்ம பிரபுவுக்கு வானத்துல இருந்தா பொண்ணு வரும்?" பூங்கொடியக்காவுக்குச் சங்ககிரியில் வீடு. வீட்டுக்காரருக்கு லாரி. அப்பாவை மருத்துவமனைக்குக் கூட்டிப்போகிற நாளிலெல்லாம் பஸ் ஏறி வந்து பண்ணையையும் வீட்டையும் பார்த்துக்கொண்டவர் அவர். அவர் எதைச் சொன்னாலும் எனக்குக் கோபம் வராது, குத்தும்.

கடைசியில் பாலக்காட்டுப் பக்கம் ஒரு பெண் அமைந்தது. பெயர் சிந்து. "தமிழ் பேசுதுக்கா. இழுத்து இழுத்துப் பேசுது. கேக்கறதுக்கு நல்லாத்தான் இருக்குது" என்றான் பிரபு. அவன் குரலில் அப்படியொரு வெட்கத்தை நான் கேட்டதில்லை. கல்யாணம் அடுத்த மாதமே. தள்ளிப்போட்டால் அவர்கள் மனம் மாறிவிடுமோ என்று அப்பாவுக்குப் பயம். எல்லாம் சொல்லிவிட்டு, "நீ வந்தாத்தானக்கா இணைச்சீரு" என்றான்.

எங்கள் பக்கத்துக் கல்யாணம் பார்த்திராதவர்களுக்காகச் சொல்கிறேன். முகூர்த்தத்துக்கு முந்தின நாள் மாப்பிள்ளைக்கும் அவனோடு பிறந்தவளுக்கும் நடக்கிற சடங்குதான் இணைச்சீர். மணப்பெண்ணுக்கு அதில் வேலை இல்லை. அண்ணன் தம்பியின் பக்கத்தில் அக்கா தங்கை வந்து உட்காருவாள். கூறைச்சேலையின் ஒரு தலைப்பை அவன் பிடித்துக்கொள்ள, மறு தலைப்பை அவள் பிடித்துக்கொள்வாள். சடங்கை நடத்தித் தருகிற அருமைக்காரர் ஒவ்வொன்றாகச் செய்துவைக்க, மங்கல வாழ்த்துப் பாடுவார்கள். இதற்கு ஆளுக்கொரு விளக்கம் சொல்வார்கள். நாளைக்கு ஒருத்தி வந்துவிடுவாள், ஆனாலும் இந்த வீட்டில் உன் இடம் உனக்கு இருக்கிறது என்று கூடப் பிறந்தவளுக்குச் சபையில் சொல்வதுதான் அது என்று என் அம்மா சொல்வார். கூடப் பிறந்தவள் இல்லாதவனுக்குப் பங்காளி வீட்டு அக்கா தங்கை யாராவது அந்த இடத்தில் இருந்து செய்துவிடுவார்கள். அதுவும் வழக்கத்தில் உள்ளதுதான்.

என் விசா முத்திரையின் காலம் முடிந்திருந்தது. நாட்டுக்குள் இருக்கிறவரை பாதகமில்லை. வெளியே போனால் சென்னையில் நேர்காணலுக்கு நாள் வாங்கி மறுபடியும் முத்திரை குத்தினால்தான் திரும்பி வர முடியும். அந்த நாள் எப்போது கிடைக்கும் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. போய் மாட்டிக்கொண்டால் நான் எடுக்கிற வகுப்பும் அதற்கு வருகிற உதவித்தொகையும் போய்விடும். என் நெறியாளர் லிண்டாவிடம் போய்ச் சொன்னேன். அவர் மேசையிலிருந்த தேநீரை என் பக்கம் நகர்த்திவைத்து, பொறுமையாகக் கேட்டார். உடன்பிறந்தவர்களுக்கென்றே ஒரு சடங்கா என்று வியந்தார். பிறகு, "இஸ் தேர் சம்ஒன் ஹூ கேன் ஃபில் இன்?" என்றார். உனக்குப் பதிலாக அந்த இடத்தில் நிற்க யாராவது இருக்கிறார்களா என்று கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. வகுப்புக்கு ஆள் மாற்றிவிடுகிற மாதிரி அக்காவுக்கும் ஆள் மாற்றச் சொல்கிறாரே, இவர்களுக்கு நம்முடையதெல்லாம் எங்கே புரியப்போகிறது என்று நினைத்தேன். இல்லை, யாரும் இல்லை என்று சொல்லிவிட்டு வந்தேன்.

போயிருக்கவே முடியாது என்று நான் சொல்லமாட்டேன். போயிருந்தால் ஒரு வருடம் வீணாகியிருக்கும், ஒருவேளை படிப்பே நின்றிருக்கும். ஒருவேளை ஒன்றுமே ஆகியிருக்காது. கணக்குப் போட்டுப் பார்த்துப் போகாமல் இருந்தேன். அதைச் சொல்ல வீட்டைக் கூப்பிட்டபோது பிரபு அப்பாவுக்கும் கேட்கட்டும் என்று போனை ஸ்பீக்கரில் போட்டான். பிறகு, "பரவால்லக்கா. படிப்பு முக்கியமில்லையா" என்றான். பக்கத்தில் கட்டிலிலிருந்த அப்பா குழறிய குரலில், "பூங்கொடி... ஒக்காரட்டும்" என்றார். அப்போதுதான் எனக்குள் ஏதோ எழும்பிக்கொண்டது. போகாமல் இருக்க ஒப்புக்கொண்டவளால் இன்னொருத்தி அங்கே உட்காருவதை ஒப்புக்கொள்ள முடியவில்லை. "நான் உசுரோட இருக்கறப்ப என் எடத்துல வேற ஆளு எதுக்குப்பா? யாரும் ஒக்கார வேண்டாம். நான் போன்ல வாரேன்" என்றேன். அழுதுகொண்டே சொன்னதால் அவர்களால் மறுக்க முடியவில்லை. அருமைக்காரர் மட்டும், "ஏனுங் தம்பி, போன் எப்பிடிங்க சேலையப் புடிக்கும்?" என்று கேட்டிருக்கிறார். "அக்கா சொல்லிருச்சுங்க" என்று அவன் அவர் வாயை அடைத்துவிட்டானாம்.

அந்த நாள் இங்கே காலை, அங்கே பொழுது சாய்ந்திருந்தது. நான் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு, நெற்றியில் குங்குமம் வைத்துக்கொண்டு, சமையல் மேசையின் மேல் போனைச் சாய்த்து வைத்து உட்கார்ந்தேன். ஜன்னலுக்கு வெளியே பனியை வாரித் தள்ளுகிற வண்டி போய்க்கொண்டிருந்தது. அங்கே நெல் நிரப்பிய படி ஒன்றில் என்னைச் சாய்த்து வைத்திருந்தார்கள். தலைக்கு உருமால் கட்டிய பிரபு குனிந்து, "அக்கா, தெரியறனா?" என்றான். தெரிகிறாய் என்றேன். மாப்பிள்ளைக் களை என்று சொல்வார்களே, அது அவன் முகத்தில் இருந்தது. மங்கல வாழ்த்து ஆரம்பித்தது. சேலைத் தலைப்பை எடுக்கிற சமயத்தில் அவன் கண் பாதி மூடியபடி படம் அப்படியே நின்றது. நடுவில் வட்டம் சுற்றியது. பிறகு அதுவும் போய்விட்டது. மண்டபத்தில் சிக்னல் சரியில்லை என்று முதல் நாளே சொல்லியிருந்தான். திரும்பத் திரும்பக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. யாராவது சமாளித்திருப்பார்கள் என்று என்னை நானே தேற்றிக்கொண்டு, சேலையை மாற்றிவிட்டு, பஸ் பிடித்து ஆய்வகத்துக்குப் போனேன். லிண்டாவின் திட்டத்துக்காக ஓர் அமெரிக்க அண்ணனும் தங்கையும் வந்திருந்தார்கள். வயதான தாயை யார் வைத்துக்கொள்வது என்று அவர்கள் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பேச, நான் இந்தப் பக்கம் உட்கார்ந்து யார் யாரைப் பார்க்கிறார், யார் பார்வையைத் திருப்புகிறார் என்று குறித்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு நான் போட்ட குறிகளை நம்பலாமா என்று எனக்குத் தெரியாது. பிறகு பிரபு கூப்பிட்டான். "நல்லா நடந்துச்சுக்கா. நீ சாப்புட்டியா?" என்றான்.

கல்யாணமாகிச் சில வாரம் கழித்து ஒருநாள் சிந்துவோடு தனியாகப் பேசிக்கொண்டிருந்தேன். அவளுக்கும் ஊர் புதிது, பாஷை புதிது. கோழிப்பண்ணை வாசம் ஒத்துக்கொள்ளாமல் முதல் வாரம் முழுக்கத் தலைவலியாம். எனக்கு இங்கே வந்த புதிதில் எல்லாமே ஒரு வாசம் அடித்தது என்று சொன்னேன். அதில் கொஞ்சம் நெருங்கிவிட்டோம். அந்த உரிமையில் அவள் கேட்டாள். "சேச்சி, கல்யாணத்துக்கு முந்தின நாள் அவர் பக்கத்துல ஒரு போன் வச்சிருந்தாங்களே, அது எதுக்கு? எங்க வீட்டுக்காரங்க எல்லாம் அது உங்க ஊர் ஆசாரம்னு நெனச்சாங்க." எனக்குச் சிரிப்பு வந்தது. அதில் என் முகம் தெரியவில்லையா என்று கேட்டேன். "இல்லையே சேச்சி. நாங்க வந்து இறங்கினப்ப அது கறுப்பா இருந்துச்சு. அவர் அதையே பாத்துட்டு இருந்தார்" என்றாள். சிரிப்பு நின்றுவிட்டது.

வீடியோ எடுத்தவர் வெட்டி ஒட்டுவதற்கு முன் எடுத்த முழுப் பதிவை அனுப்பச் சொல்லிப் பிரபுவிடம் கேட்டேன். "அது எதுக்குக்கா? ஆல்பம் பாரு, அதுதான் நல்லாருக்கும்" என்று தட்டிக்கழித்தான். விடாமல் கேட்டு வாங்கினேன். லிண்டாவின் ஆய்வகத்தில் முன்பின் தெரியாத அண்ணன் தங்கைகளின் வீடியோக்களை நிறுத்தி நிறுத்திப் பார்ப்பதுதானே என் பிழைப்பு. இதையும் அப்படியே பார்த்தேன். நெல் படியில் சாய்ந்திருக்கிற போன் அணைகிறது. பிரபு விரலால் அதைத் தட்டுகிறான். மறுபடியும் தட்டுகிறான். அருமைக்காரர் குனிந்து ஏதோ கேட்கிறார். தூணுக்குப் பக்கத்தில் பூங்கொடியக்கா நிற்கிறார். மயில்கழுத்து நிறத்தில் புதுச் சேலை, தலை நிறையப் பூ. அவர் ஓரடி முன்னால் வருகிறார். ஏதோ சொல்கிறார். பிரபு தலையை ஆட்டி மறுக்கிறான். அக்கா நின்றுவிடுகிறார், முந்தானையைச் சரிசெய்துகொண்டு மெல்லத் தூணுக்கே திரும்பிப் போகிறார். மேளச் சத்தத்தில் யார் பேசுவதும் கேட்கவில்லை. பிறகு அருமைக்காரர் சேலையை நீட்டுகிறார். பிரபு ஒரு தலைப்பை வாங்கிக்கொள்கிறான். மறு தலைப்பு அவர் கையிலேயே கொஞ்ச நேரம் நிற்கிறது. வாங்க ஆளில்லை. பிரபு போனை ஒருமுறை பார்த்துவிட்டு மறு தலைப்பையும் தானே வாங்கிக்கொள்கிறான். சடங்கு முடிகிறவரை ஒரே சேலையின் இரண்டு தலைப்பையும் அவனே பிடித்துக்கொண்டு, நிமிராமல் உட்கார்ந்திருக்கிறான்.

அதைப் பார்த்துவிட்டு நான் அழவில்லை என்று சொன்னால் பொய். சங்ககிரிக்குக் கூப்பிட்டேன். பூங்கொடியக்கா வழக்கம்போல, "சொல்லு சாமி, இது சாப்புடற பொழுதா அங்க?" என்றார். வீடியோ பார்த்தேன் என்றேன். அவருக்குப் புரிந்துவிட்டது. "அது இளம்பிள்ளைத் தறிக்காரங்ககிட்ட எடுத்த சேல. நாந்தான் ஒக்காரோணும்னு நெனச்சு உங்க மாமா கூட்டிட்டுப் போயி எடுத்துக் குடுத்தது. அப்பறம் நீ போன்ல வாரேன்னு சொன்னயாமா. செரி, அதும் நல்லதுதான்னு அதையே கட்டிட்டு வந்துட்டேன்" என்றார். போன் அணைந்தபோது என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன். "நான் வரட்டாடான்னு கேட்டேன். அக்கா திருப்பிக் கூப்புடும், வேண்டாம்னுட்டான். அதுக்கு மேல என்ன பண்றது சாமி? ஒறம்பரைச் சனமெல்லாம் பாத்துட்டு இருக்குது. எனக்கு ஒண்ணுமில்ல. அவனப் பாக்கத்தான் பாவமா இருந்துச்சு." அந்தக் குரலில் கோபமே இல்லை. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

திருச்செங்கோட்டு பஸ் ஸ்டாண்டில் முகூர்த்த நாளில் பஸ் ஏறியிருக்கிறவர்களுக்கு இது தெரியும். வண்டி வந்து நிற்பதற்குள் ஜன்னல் வழியாக ஒருவர் துண்டை வீசி சீட்டுப் பிடித்துவிடுவார். பிடித்துவிட்டு டீக்கடைக்குப் போய்விடுவார். கைக்குழந்தையோடு ஏறினவள் அந்தத் துண்டைப் பார்த்துக்கொண்டே நிற்பாள், எடுத்துப்போட்டு உட்காரமாட்டாள். ஆள் வருது என்று பக்கத்து சீட்டுக்காரர் சொல்லிவிடுவார். அந்தத் துண்டுக்கு நம் ஊரில் அவ்வளவு மரியாதை. நான் என் அழுகையைத் துண்டாகப் போட்டு இடம் பிடித்துவிட்டு இங்கே உட்கார்ந்திருந்தேன். வராததைக்கூட மன்னித்துவிடுவார்கள், ஊரில் யாருமே அதைக் குறையாகச் சொல்லவில்லை. உட்காரத் தயாராக வந்து நின்றவளை உட்காரவிடாமல் செய்தேனே, அதற்கு எதைச் சொல்வது? வெளியே இருக்கிற நம்மில் எத்தனையோ பேர் வீட்டில் இப்படித் துண்டு கிடக்கிறது. அம்மாவின் பீரோவில், அப்பாவின் வைத்தியத்தில், கோயில் நோம்பியில் சாமிக்கு முன்னால் யார் முதலில் நிற்பது என்பதில். என்னைக் கேட்காமல் செய்யாதீர்கள் என்று இங்கிருந்தே சொல்லிக்கொண்டிருக்கிறோம். லிண்டா கேட்டது ஏளனமில்லை என்பதும் அப்போதுதான் உறைத்தது. எங்கள் சடங்கே யோசித்து வைத்திருந்த வழியைத்தான் அவர் கேட்டிருந்தார். அப்படி யாரும் இல்லை என்று சொன்னவள் நான்.

பிரபுவிடம் பேச எனக்கு மேலும் சில நாள் ஆயிற்று. "அன்னைக்கு ஏண்டா பூங்கொடியக்காவக் கூப்புடல?" என்றேன். "நீதானக்கா வேண்டாம்ன." நான் சொன்னால் என்ன, போன்தான் போய்விட்டதே என்றேன். "அப்பறம் நீ வீடியோவப் பாத்து வருத்தப்படுவீல்ல" என்றான். வருத்தப்பட்டதென்னவோ நடந்துவிட்டது. விதியாவது ஒன்றாவது என்று துணிந்து, என் ஆய்வில் எல்லாரிடமும் கேட்கிற அந்த நியாயக் கேள்வியை வீட்டுப் பேச்சில் அவனிடமும் கேட்டேன். "எம்மேல கோவமாடா உனக்கு?" பண்ணைக்குள் நின்று பேசினான் போல, கோழிகளின் இரைச்சல் கேட்டுக்கொண்டே இருந்தது. "கோவம்னு சொன்னா நீ அழுவ. இல்லைன்னு சொன்னா நம்ப மாட்ட. என்னத்தச் சொல்லச் சொல்ற?" என்றான். பிறகு, "மோட்டார் போடோணும்க்கா, வெக்கட்டா" என்று வைத்துவிட்டான். அன்றைக்கு அவன் மக்காச்சோளத்தின் விலையைக் கேட்கவில்லை.

போன மாதம் அவர்களுக்குப் பெண் குழந்தை பிறந்தது. அம்மாவின் பெயரையே வைப்பது என்று முடிவாயிற்று. கண்ணம்மா. எங்கள் வீட்டு வழக்கத்தில் அத்தைக்காரிதான் பிள்ளையை மடியில் வாங்கிக் காதில் பெயர் சொல்ல வேண்டும். நான் ஆய்வேட்டைக் கொடுத்து முடிக்க வேண்டிய சமயம் அது. இந்த முறை அவன் ஆரம்பிப்பதற்கு முன்பே நான் சொல்லிவிட்டேன். "பூங்கொடியக்கா மடியில குடு. நான் போன்ல கூட வேண்டாம்." "போன்ல பாரு. பாக்கறதுக்கென்ன" என்றான். அம்மாவின் பெயரை அந்த வீட்டில் மறுபடியும் முதலில் சொல்கிற வாய் என்னுடையதாக இருந்திருக்க வேண்டும் என்ற நினைப்பு அன்று முழுக்க என்னை விடவில்லை. பெரிய தியாகம் செய்துவிட்டதாக நான் சொல்லிக்கொள்ளவும் முடியாது, பூங்கொடியக்காவிடமிருந்து பறித்ததைத் திருப்பிக் கொடுத்தேன், அவ்வளவே.

இங்கே காலை விடிந்து வெயில் ஏறியிருந்தது, அங்கே விளக்கு வைக்கிற நேரம். யார் குரலுக்கும் நடுவில் என் வீட்டுச் சத்தம் போய் விழக் கூடாதென்று என் பக்கத்து ஒலியை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். பூங்கொடியக்கா அதே மயில்கழுத்துச் சேலையில் வந்திருந்தார். குழந்தையை வாங்கி மடியில் வைத்து, குனிந்து, காதில் சொன்னார். மெதுவாகத்தான் சொன்னார், எனக்குக் கேட்கவில்லை. சிந்து சிரித்தாள். கட்டிலில் சாய்ந்திருந்த அப்பா நல்ல கையைத் தூக்கிக் கும்பிட்டார். பிரபு போனைக் கையிலெடுத்து முகத்துக்கு நேராக வைத்து, "அக்கா, பாத்தியா?" என்றான். "பாத்தேண்டா" என்றேன். ஒலியை நிறுத்தியிருந்தது மறந்தே போய்விட்டது. ஜன்னல் வெயிலில் என் முகமும் அவனுக்குச் சரியாகத் தெரியவில்லை போலிருக்கிறது. "லைன் போச்சாட்ட இருக்குது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, அணைக்காமலேயே போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

என் திரை இருட்டாகிவிட்டது. துணி உரசுகிற சத்தம், பாத்திரச் சத்தம், குழந்தை சிணுங்கியது, பூங்கொடியக்கா அதைத் தாலாட்டுகிற மாதிரி ஏதோ பேசியது எல்லாம் கேட்டது. "ஏனுங் மாமா, சாப்புடாமப் போனா எப்பிடிங்க? எலை போட்டாச்சு, வாங்க" என்று பிரபு யாரையோ கூப்பிட்டான். அவன் பேசும்போது அவன் நெஞ்சே பேசுகிற மாதிரி கனத்துக் கேட்டது. ஒலியைத் திறக்கிற பொத்தானின் மேல் விரலை வைத்திருந்தேன். யாரோ ஒரு பெண் குரல், "ஏந்தம்பி, அக்கா வருலீங்களா?" என்று விசாரித்தது.

"போன்ல பாத்துச்சுங்க" என்றான் பிரபு. "இப்பத்தான் போச்சு."

நான் பொத்தானை அழுத்தவில்லை. ஆய்வகத்துக்குப் போகிற பஸ் ஜன்னலுக்கு வெளியே வந்து நின்று, எனக்காகக் கொஞ்ச நேரம் கதவைத் திறந்து வைத்திருந்துவிட்டுக் கிளம்பிப் போனது. பந்தி முடிகிறவரை அவன் சட்டைப்பைக்குள்ளேயே இருந்தேன்.